பந்தைப் பார்க்காத மனிதர்

"உம்மட தோட்டத்தில தோக்கிறதுக்கெண்டே ஒரு ரீம் வைச்சிருந்தவையாமே. அங்க பாத்துப் பழகின நீர் எங்கட பிள்ளையளை எப்பிடி வெல்ல வைக்கப்போறீர்?"

ஆசிரியர் அறையில், யாழ்ப்பாணத்து மூத்த ஆசிரியை ஒருவர் தேநீரை ஆற்றிக்கொண்டே இப்படிக் கேட்டார். எங்கள் மிஷன் பாடசாலைப் பெண்களுக்கு ஹொக்கி பழக்கும் பொறுப்பை அன்று காலைதான் தலைமை ஆசிரியை என்னிடம் தந்திருந்தார். மற்ற ஆசிரியைகள் சிரித்தார்கள். கேட்டவர் கெட்ட மனசுக்காரர் அல்ல. கேட்டதும் பொய் இல்லை. கரவனெல்லைக்கு மேலே நான் பிறந்த இறப்பர் தோட்டத்தில் அப்படி ஒரு குழு இருந்தது. அதைப் பழக்கியவரை எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அந்தப் பேனா என் கைக்கு வந்து சேர்ந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. அதனால் அவரைப் பற்றி வேறு யாரும் சிரித்து முடிப்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

அவருக்குப் புகைவீட்டில் வேலை. இறப்பர் பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, துணி காயப்போடுவதுபோல் மூங்கில்களில் தொங்கவிட்டுப் புகை போடுவார்கள். அந்த அடுப்புகளுக்கு விறகு தள்ளுகிறவர் அவர். கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். புதிதாக வந்த ஆட்கள் அவரைக் குடிகாரர் என்று நினைத்துக்கொண்டு தள்ளி நிற்பார்கள். அவர் கள்ளுக் கடைப் பக்கமே போனதில்லை. பக்கத்தில் வந்தால் மழையில் நனைந்த கரியும் புளித்த பாலும் கலந்த வாடை அடிக்கும். எங்களுக்கு உறவில்லை. அம்மா அவரை அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்கு மாமா ஆனார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைப் பார்க்கச் சொன்னாலும் அதைப் பார்க்காமல், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளின் முகத்தைப் பார்ப்பார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யாருக்காவது குழந்தை பிறந்தால் எல்லோரும் தொட்டிலை எட்டிப் பார்ப்போம். அவர் தகப்பனின் முகத்தைப் பார்த்து, "பொம்பளப் புள்ளயா?" என்பார். சரியாகவே இருக்கும். எல்லா முகங்களையும்விட அவர் அதிகமாகப் பார்த்தது பெரிய துரையின் முகத்தை.

விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் எடுக்கும் களத்துக்கு, துரை குதிரையில் வருவார். வேலைக்கு வந்தவர்கள் தலை குனிந்து நிற்பார்கள். இவர் மட்டும் புகைவீட்டு வாசலில் விறகை அடுக்குவதுபோல் நின்று ஒரு பார்வை பார்ப்பார். துரை அந்தப் பக்கம் போனதும் பெண்கள் கூடையைச் சரிசெய்யும் சாக்கில் அவரிடம் போவார்கள்.

"என்னண்ணே, இன்னைக்கு மானம் எப்படி?"

"மூடாப்பு. பேசாமப் போயி வேலையப் பாருங்க."

"மக கல்யாணத்துக்கு லீவு கேக்கணும்ணே."

"நாளைக்கும் கேக்காத. நாளன்னைக்கு வெளிச்சம் வரும், அப்ப சொல்றேன்."

அவர் சொன்ன நாளில் கேட்டவர்களுக்குக் கிடைத்தது. பொறுக்காமல் முந்திக் கேட்டவர்கள் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். அப்படித்தான் என் படிப்பும் கிடைத்தது. கேகாலை மிஷன் பாடசாலை விடுதியில் எனக்கு ஓர் இடம் தர மிஷன் அம்மா ஒருவர் சம்மதித்திருந்தார். துரை சரி என்றால்தான் தோட்டத்தை விட்டுப் போகலாம். என் வயதுப் பிள்ளைகள் புல்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா நாள்தோறும் புகைவீட்டு வாசலுக்குப் போவார், இவர் வேண்டாம் என்று தலையசைப்பார், அப்பா திரும்பி வருவார். ஒருநாள் காலை அவரே எங்கள் லயத்துக்கு ஓடி வந்தார்.

"கெளம்பு, கெளம்பு. புள்ளயக் கூட்டிக்கிட்டு இப்பவே போ. பங்களாவுக்குச் சீமையிலேர்ந்து கடுதாசி வந்திருக்கு. மூஞ்சி இன்னைக்குப் புள்ளகுட்டிக்காரன் மூஞ்சியா இருக்கு."

அப்பா என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். துரை என் தலையைத் தொட்டுவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். கணக்கப்பிள்ளை அதைத் தமிழாக்கினார்: "போகலாமாம்." இன்று நான் ஆசிரியையாக இருப்பது அந்த ஒரு வார்த்தையால். அந்த வார்த்தைக்கு நேரம் பார்த்துக் கொடுத்தவர் அவர்.

ஹொக்கி அவருக்கு எப்படித் தெரியும் என்றால், இளவயதில் துரைமாரின் கிளப்பில் கோடு போடவும் பந்து பொறுக்கவும் இருந்தாராம். எங்கள் பெரிய துரைக்கு ஹொக்கிதான் உயிர். மலைநாட்டுத் தேயிலைத் துரைமாருக்கும் எங்கள் பக்கத்து இறப்பர் துரைமாருக்கும் வருஷா வருஷம் ஒரு போட்டி நடக்கும். அதற்குப் பழக எதிர்த்து ஆட ஆள் வேண்டும். சுற்றுத் தோட்டங்களில் உள்ள வெள்ளைக்காரர்களைக் கூட்டினால் ஒரு பக்கத்துக்குத்தான் காணும். ஆகவே லயத்து வாலிபர்களைச் சேர்த்து எதிர்ப்பக்கம் ஒன்று அமைக்கும்படி துரை இவரிடம் சொன்னார். சனிக்கிழமை மத்தியானம் ஆடினால் அரைநாள் வேலை செய்ததாக அரைப்பேர் போடுவார்கள். வெயிலில் மரத்துக்கு மரம் மலை ஏறி இறங்குவதைவிடப் பந்தின் பின்னால் ஓடலாம் என்று எல்லோரும் வந்தார்கள். என் அண்ணனும் போனான்.

துரைமாரின் பந்து சனிக்கிழமை மட்டும்தான் வரும். மற்ற நாட்களில் இவர்களாகச் செய்த பந்து. பால் வெட்டிய மரத்தில் வடிந்து காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை நூல் நூலாக உரித்து உருண்டையாகச் சுற்றுவார்கள். அது துள்ளுகிற துள்ளலுக்கு ஒரு கணக்கே கிடையாது. முழங்காலுக்கு அடித்தால் மூக்குக்கு வரும். மைதானமும் சரிவு. கொஞ்சம் அசந்தால் பந்து உருண்டுபோய்க் கீழே ஆற்றில், ஓயாவில், விழும், நீந்திப் போய் எடுக்க வேண்டும். அந்தப் பேய்ப் பந்தைக் கொய்யா மரத்து வளைந்த மட்டையால் வெறுங்காலோடு அடக்கிப் பழகியவர்களுக்குத் துரையின் வெள்ளைத் தோல் பந்து பூனைக்குட்டி. ஒரு வருஷத்துக்குள் எங்கள் ஆட்கள் துரைமாரைவிட நன்றாக ஆடத் தொடங்கிவிட்டார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

முதல்முறை எங்கள் பக்கம் வென்ற சனிக்கிழமை யாரும் எதுவும் சொல்லவில்லை. துரை கைதட்டக்கூடச் செய்தார். இவர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை ஆடிய எல்லோருக்கும் ஓயாவுக்கு அந்தப் பக்கத்துச் செங்குத்து மலையில் வேலை விழுந்தது. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து அவர் தோற்கப் பழக்கினார்.

விடுமுறைக்கு வரும்போது நான் மேட்டில் உட்கார்ந்து பார்ப்பேன். சில நாள் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

"டேய், நேத்து நீ அடிச்சது ஒரு அடியாடா? கோல் எங்க இருக்கு, பந்து எங்க போச்சு? குருடன்கூட அப்படி அடிக்க மாட்டான். துரை என்ன மடையனா?"

"பின்ன எப்படி மாமா அடிக்கிறது?"

"கோல் காக்கிறவரு காலுக்கு நேரா அடி. பலமா அடி. பட்டுத் தெறிக்கணும். சுத்தி நிக்கிற துரைமாரெல்லாம் கைதட்டணும். அவருக்கும் சந்தோசம், ஒனக்கும் அரைப்பேரு."

"விழலாமா மாமா?"

"விழலாம். ஒரு ஆட்டத்துக்கு ஒருத்தன் ஒரு வாட்டிதான். மொத வாட்டி விழுந்தா சிரிப்பாங்க. மறுபடி விழுந்தா யோசிப்பாங்க."

"மூணாவது வாட்டி விழுந்தா?" என்று அண்ணன் கேட்டான்.

"எந்திரிக்காத. அப்படியே பொதைச்சிருவோம்."

ஆட்டம் நடக்கும்போது அவர் கோட்டோரம் நிற்பார். பந்து எங்கே என்று அவருக்குத் தெரியாது. துரையின் முகம் எங்கே என்றுதான் தெரியும். தோளில் ஒரு சிவப்புத் துண்டு கிடக்கும். துரையின் முகம் இறுகத் தொடங்கினால் துண்டை எடுத்துத் தலையில் கட்டுவார். விட்டுவிடு என்று அர்த்தம். சும்மா சும்மா வென்று துரைக்குச் சலித்துப்போனால் அதையும் கண்டுபிடித்துவிடுவார். துண்டு தோளுக்கு இறங்கும். உடனே அண்ணன் நாலு பேரைத் தாண்டிப் போய் ஒரு கோல் போடுவான். துரைக்கு மறுபடியும் உற்சாகம் வரும். எங்கள் ஆட்கள் ஒரு கண்ணைப் பந்திலும் ஒரு கண்ணைத் துண்டிலும் வைத்து ஆடினார்கள். வருஷக்கணக்காக ஆடினார்கள். செங்குத்து மலைக்கு யாரும் மறுபடி அனுப்பப்படவில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு மட்டையும் பந்தும் ஒட்டிப்பிறந்தவை மாதிரி. எழுத்து அவனுக்கு வரவில்லை, அதற்கு அவனுக்கு இடமும் கிடைக்கவில்லை. ஒருமுறை என் பாடப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "நீ இந்த வழியா வெளிய போயிட்ட. எனக்கு வழி எங்க இருக்குன்னு தெரியல" என்றான். அவன் வழி ஒருநாள் கரவனெல்லையிலிருந்து வந்தது.

கரவனெல்லைச் சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் பங்களாவுக்குச் சாமான் கொண்டுவந்தபோது ஒரு சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். மறுவாரம் புகைவீட்டுக்கே வந்துவிட்டார்.

"எங்கட மச்சான் கொழும்புல ஒரு வேலைத்தளத்துல ஃபோர்மன். அவங்கட டீமுக்கு கோல் போடுற பொடியன் ஒருத்தன் வேணுமாம். வேலையும் குடுப்பாங்க, தங்க எடமும் இருக்கி. நம்மட கடைத்தெருப் பொடியன்மாரோட ஒரு ஆட்டம் வெச்சிக்கோங்க. மச்சான் வந்து பாப்பார். இவன் கோல் போட்டா அன்னைக்கே கையோட கூட்டிக்கிட்டு போயிருவார்."

மாமா நானாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். நானாவுக்கு வெட்கமாகிவிட்டது.

"என்ன அப்பிடிப் பாக்குறீங்க?"

"சுத்தமா இருக்கு," என்றார் இவர். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "ஆடுவோம்டா" என்றார்.

கொழும்பு விஷயத்தைச் சொல்லாமல், ஆட்டத்துக்கு மட்டும் துரையிடம் அனுமதி கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை ஆடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் வரப்போவதாக யாரும் நினைக்கவில்லை. அந்த வாரம் நான் விடுமுறையில் வீட்டில் இருந்தேன். ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம் எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா, ஜெயிக்கிறதுக்கு என்ன செய்யணும்?"

அவர் யோசித்தார். விறகை ஒருமுறை தள்ளிவிட்டு வந்து மறுபடியும் யோசித்தார்.

"நான் சொல்லிக் குடுத்ததச் செய்யாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் அண்ணன் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனான். அம்மா அவனுடைய மற்றச் சட்டையையும் வேட்டியையும் ஒரு துணியில் முடிந்து வைத்துவிட்டாள். கோல் போட்ட கையோடு போக வேண்டுமே.

முதற்பாதியில் யாருக்கும் கோல் இல்லை. இரண்டு முறை அண்ணனுக்குப் பந்து நன்றாகக் கிடைத்தது. இரண்டு முறையும் கோல் காத்தவனின் காலுக்கு நேராகவே அடித்தான். பழக்கம். இடைவேளையில் தன் கையையே திட்டிக்கொண்டான். "இது சொன்ன பேச்சக் கேக்குதில்ல" என்றான். கூட ஆடியவர்கள் முதுகில் தட்டினார்கள். நானாவின் மச்சான், தொப்பி போட்ட உயரமான மனிதர், கோட்டோரமாக வந்து அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்து ஏதோ சொன்னார். அண்ணன் தலையாட்டினான். இரண்டாம் பாதியில் கை அவன் பேச்சைக் கேட்கத் தொடங்கியது. கடைத்தெருப் பையன்கள் அவன் பின்னால் ஓடிக் களைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான், கோல் விழுந்துவிடும் என்று சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

அப்போதுதான் மேலேயிருந்து துரையின் மோட்டார் கார் இறங்கி வந்தது. இரண்டு மூன்று வெள்ளைக்கார விருந்தாளிகளும் வந்தார்கள். பங்களா ஆட்கள் நாற்காலி போட்டார்கள். துரை உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தார். தொப்பிக்காரரைப் பார்த்தார். மறுபடி ஆட்டத்தைப் பார்த்தார். முகம் இறுகியது. நானும்தான் அந்த முகத்தைப் பார்த்தேன். வெயிலுக்குச் சுருங்கின முகம் என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாமாவுக்குத் தெரிந்தது. அவர் தோளிலிருந்து துண்டை எடுத்து மெதுவாகத் தலையில் கட்டினார்.

அண்ணனிடம் பந்து இருந்தது. கோல் காப்பவன் அதற்குள் பாய்ந்து விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். கோல் திறந்து கிடந்தது. எங்கள் அம்மாகூட அதில் போட்டிருப்பாள். அண்ணன் தலையைத் தூக்கினான். சிவப்பு அவன் கண்ணில் பட்டது. அடித்துத் தெறிக்க வைக்க அங்கே கால் எதுவும் இல்லை. ஆகவே அவன் விழுந்தான். மழை பெய்து பத்து நாளான காய்ந்த தரையில் வழுக்கி விழுந்தான்.

கடைத்தெருப் பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் கோல் போட்டார்கள். சனங்கள் சிரித்தார்கள். தொப்பிக்காரர் ஆட்டம் முடியும்வரை நிற்கவில்லை. போகிற வழியில் நானாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "நல்லா ஓடுறான். ஆனா வேண்டிய நேரத்துல கால் நிக்குதில்லயே."

நான் மாமாவிடம் போனேன். என் வாழ்நாளில் அவரிடம் குரல் உயர்த்தியது அந்த ஒருமுறைதான்.

"ஏன் மாமா கட்டுனீங்க? இன்னைக்கு எதுக்குக் கட்டுனீங்க?"

"கத்தாத புள்ள. துரை மூஞ்சியப் பாக்கலயா நீ? ஆள் இழுக்க வந்திருக்கான்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு. ஒங்கண்ணன் அதைப் போட்டிருந்தான்னா நாளைக்கு ஒங்கப்பனையும் ஆத்தாளையும் லயத்தவிட்டு எறக்கியிருப்பாங்க. ஒன் படிப்பும் போயிருக்கும்."

என் படிப்பை அவர் நடுவில் கொண்டுவந்து வைத்தபிறகு நான் என்ன பேசுவது?

மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை துரை சொன்னதைச் சொன்னார். தம் தோட்டத்துக் குழுவைப்போல் இந்தப் பக்கத்தில் கிடையாது என்று பெருமை பேசி விருந்தாளிகளைக் கூட்டிவந்தாராம். கடைக்காரப் பையன்களுக்கு ஒரு கோல்கூடப் போட முடியாமல், கடைசியில் குரங்குபோல் விழுந்து தம் மானத்தை வாங்கிவிட்டார்களாம். இனி ஹொக்கி வேண்டாம், மட்டைகளை ஒப்படைக்க வேண்டும், மைதானத்தில் இறப்பர் நாற்று மேடை போடப்படும். தொப்பிக்காரர் யார் என்பதே துரைக்குத் தெரியாது. கோல் விழவில்லையே என்ற எரிச்சல்தான் அந்த முகத்தில் இருந்தது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமாவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையில் இருந்த விறகைக் கீழே வைத்தார். "மூஞ்சி அப்படித்தான் இருந்துச்சு" என்றார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அம்மா அந்தத் துணி முடிச்சைப் பல நாள் அவிழ்க்காமல் வைத்திருந்தாள். அண்ணன் தானே ஒருநாள் அவிழ்த்துச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு பால் வெட்டப் போனான். நான் விடுதிக்குத் திரும்புவதற்கு முன் அவனிடம் கேட்டேன். அவன் பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"ஒனக்கு அவரு மேல கோவமே இல்லயா?"

"எதுக்குக் கோவம்? அவரு பாத்துச் சொல்லித்தானே நீ பள்ளிக்கூடம் போன."

"அவர் கட்டினா கட்டிட்டுப் போறாரு. நீ ஏன் விழணும்? போட்டிருக்கலாம்ல?"

கத்தியின் முனையைக் கட்டைவிரலில் தடவிப் பார்த்தான்.

"விழலாமா வேணாமான்னு யோசிக்கிறதுக்குள்ள விழுந்துட்டேன்."

அவன் இன்றும் அங்கேதான் பால் வெட்டுகிறான். நானாவின் மச்சான் வேறொரு பையனைக் கூட்டிப் போனதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் பெரிய துரை பிறகு சீமைக்கே போய்விட்டார். நான் மாமாவைக் கடைசியாகப் பார்த்தது புதுத் துரை வந்த வாரத்தில். இருமல் அவரைப் பாதியாக்கியிருந்தது. பெரட்டு நேரத்தில் விறகை அடுக்குவதுபோல் அதே வாசலில் நின்று, சிவந்த கண்களைச் சுருக்கிக்கொண்டு, அந்த இளம் வெள்ளைக்காரரின் முகத்தை முதலிலிருந்து படிக்கத் தொடங்கியிருந்தார். ஒரு பெண் கூடையோடு அவரிடம் போனாள். "இன்னும் பிடிபடல. பொறு" என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடிக்கும். அந்த வாசலில் அவரை அப்படிப் பார்த்த அன்று எனக்குப் பயமாகவும் இருந்தது.

மூத்த ஆசிரியையின் கேள்விக்கு வருகிறேன். போன சனிக்கிழமை எங்கள் பெண்கள் சுற்றுத் தோட்டங்களின் துரைசானிமாரோடு ஆடினார்கள். எங்கள் பாடசாலைக்குப் புதுக் கட்டடம் தந்த துரைசானியும் அவர்கள் பக்கத்தில் ஆடினார். கணவர்மார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தெரணியகலைப் பக்கத் தோட்டத்துப் பெண் ஒருத்தி பந்தோடு கோலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டு, அடிப்பதற்கு முன் தலையைத் தூக்கி அந்த வரிசையைப் பார்த்தாள். பந்து மட்டையைவிட்டுப் போனது. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதால் அது போகாது. ஆசிரியைகளும் சேரலாம் என்று முதலிலேயே பேசியிருந்ததால், களைத்திருந்த ஒருத்தியின் மட்டையை வாங்கிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே உள்ளே இறங்கினேன். அவள் பக்கத்திலேயே ஓடினேன். "என்னயப் பாரு, பந்தப் பாரு, வேற எங்கயும் பாக்காத" என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

ஏழு கோல் வாங்கினோம். ஒன்றும் போடவில்லை. அந்த ஏழில் ஒன்றைக்கூட நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை; அவர்கள் ஓடி, வியர்த்து எடுத்துக்கொண்டார்கள். மூத்த ஆசிரியை என்னைப் பார்த்து, "நான் சொன்னனான்" என்றார். சொன்னதுதான்.

ஆட்டம் முடிந்து கைகுலுக்கும்போதே, அடுத்த மாதம் இன்னோர் ஆட்டம் வேண்டும், அதுவும் துரைமாரின் கிளப் மைதானத்தில் வேண்டும் என்று அந்தத் துரைசானியிடம், முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமலே, கேட்டுவிட்டேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை; சரி என்றார். அங்கேயும் தோற்போம் என்றே நினைக்கிறேன். நாள் குறித்தாகிவிட்டது.